ஒரு மூடி ரை விஸ்கி

செப்டம்பர் 8, ஞாயிறு

மகள் எதிரிலேயே மானம் போயிற்று. அமெரிக்காவிலிருந்து கயல் கொடுத்தனுப்பிய ரை விஸ்கியை, அவள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கில் இறக்கிவிட்டு ஊறுகாயை நக்கினேன். முப்பது வருடப் பிராந்திக்கடைப் பழக்கம்.

'யப்பா, மூக்கப் பொத்திக்கிட்டா எத மோந்து பாப்பீக?' விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளுக்கு அங்கே விஸ்கி வடிக்கிற கம்பெனியில் வேலையே மோந்து பார்ப்பதுதான். கம்பத்தில் கேட்பவர்களிடம் மாவு மில் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று முறைப்படி. இங்கே காலை எட்டு, அவளுக்குச் சனி ராத்திரி. கதவைச் சாத்திக்கொண்டு கிளாசோடு உட்கார்ந்தேன். பால் ஊற்ற வந்த மொக்கம்மாள், 'உள்ள பூசையாண்ணே?' என்றாள். ஆமா என்றேன்.

ரை என்பது கம்பு, கேழ்வரகு போல அங்கத்துத் தானியமாம். உள்ளே கருக்கிய மரப் பீப்பாயில் நாலு வருடம் கிடந்ததாம்.

'வாய லேசாத் தொறந்துக்கிட்டு மோந்து பாருங்க. என்ன வாசம் வருது?'

'பிராந்தி வாசந்தான் ஆத்தா.'

'யப்பா!'

மறுபடி மோந்தேன். மிளகு. அப்புறம், போடியில் ஏலக்காய் ஸ்டோர் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அது. சொன்னேன். எழுதிக்கொண்டாள். பத்தாவது பெயிலானவன் சொல்ல, ஒருத்தி எழுதிக்கொள்கிறாள்!

நாற்பது நிமிடம் பேசியிருக்கிறோம்.

செப்டம்பர் 18

திராட்சைக்கு மருந்து அடித்தேன். நாள் முழுக்க யாரிடமும் வாய் திறக்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசம் விரிகிறது. ஈர வைக்கோல். தேன்மெழுகு. முழுங்கிய பிறகு ஒரு காரம் நிற்கிறது.

'அம்மா பல்லு வலிக்குக் கிராம்பு வச்சுக்கிருவாகல்ல, அந்தக் காரம்ப்பா' என்றாள் கயல்.

அவள் அம்மா ஜோதிலட்சுமி போய்ச் சேர்ந்து நாலு வருடம். அவளைப் பற்றி நாங்கள் போனில் பேசியதே இல்லை. அவளும் அங்கே தன் கிளாசை எடுக்க, ரெண்டு பேரும் மறுபடி மோந்து பார்த்தோம்.

செப்டம்பர் 25

பக்கத்துத் தோட்டத்து ஒச்சாண்டி பாட்டிலைப் பார்த்துவிட்டான். ரையில் சோடாவை ஊற்றி மூன்று கிளாஸ் அடித்துவிட்டு, 'சப்புன்னு இருக்குய்யா, நம்ம சரக்கு தேவல' என்று சொல்லிப் போனான். எனக்கு உயிரே போயிற்று.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதிக்குக் கீழே. இது வருவதற்கு முன் அவளிடமிருந்து மாதத்துக்கு ஒரு போன், அதுவும் ரெண்டு நிமிடம். இது தீர்ந்தால்?

இனி வாரம் ஒரு மூடிதான்.

அக்டோபர் 6, ஞாயிறு

அந்த ஒரு மூடிக்கும் மனசு வரவில்லை. பால் இல்லாமல் கட்டஞ்சாயா போட்டு ஆற வைத்துக் கிளாசில் ஊற்றினேன். நிறம் அச்சு அசல். பழைய வாசங்களையே முன்பின்னாக மாற்றிச் சொன்னேன். 'இங்க உள்ள ஆளுகளவிட ஒங்க மூக்குதாம்ப்பா மூக்கு' என்றாள். வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும்தான்.

அக்டோபர் 13, ஞாயிறு

மழை. எழுந்திருக்க நேரமாகிவிட்டது. சாயா ஆறவில்லை.

'யப்பா, விஸ்கியில ஆவி பறக்குது?'

வாயில் வந்ததைச் சொன்னேன்: இது சாயாதான், நெஞ்செரிச்சல், டாக்டர் விஸ்கியைத் தொடக் கூடாது என்றுவிட்டார். மண்டையில் மூளை இருக்கிறவன் சொல்கிற பொய்யா இது?

அவள் முகம் வாடிவிட்டது. 'அத மொதல்லயே சொல்லக் கூடாதா? எனக்காகவா ஒடம்பக் கெடுத்துக்கிட்டீக? இனி வேணாம்ப்பா. பாட்டில ஒச்சாண்டி மாமாகிட்டக் குடுத்துருங்க.'

சரி ஆத்தா என்றேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

எட்டு மணிக்குப் போன் வரவில்லை. ஒன்பதுக்கு ஒரு மெசேஜ்: 'நெஞ்செரிச்சல் எப்படி இருக்கு?'

'தேவல' என்று அனுப்பினேன். அனுப்பாததை இங்கே எழுதி வைக்கிறேன்:

எனக்கு ஒரு எரிச்சலும் இல்ல ஆத்தா. பாட்டில் தீந்துபோனா நீ எதுக்குக் கூப்புடுவன்னுதான் குடிக்காம வச்சிருந்தேன்.