குடுவை விடாத செடிகள்

ஜனவரி 9, காலை 7.10
வெப்பம் 24. ஈரப்பதம் 78. விளக்குகள் சரி. தண்ணீரில் உப்பு இல்லை. மூன்று வரிசைச் செடிகளும் நலம். புதுக் குடுவைகள் பதினொன்று திறந்திருக்கின்றன.

எழுதுவது டாக்டர் எஸ்தர் மரகதம், தாவரவியல், சொந்த ஊர் நாகர்கோவில். இடம், நிலவின் தென்முனைக்குப் பக்கத்தில் தரைக்கு அடியில் ஒரு குகை. நிறுவனத்துக்குத் தனியாக ஓர் அறிக்கை போகிறது. அதில் அவர்களுக்குப் பிடித்தது மட்டும் இருக்கும். இது, எப்போதாவது யார் கையிலாவது கிடைத்தால், அவர்களுக்கு.

நான் வளர்ப்பது பூச்சி தின்னும் குடுவைச் செடி. இலை நுனியில் ஒரு கொடி நீண்டு, அதன் முனையில் மூடி போட்ட செம்பு மாதிரி ஒரு குடுவை தொங்கும். உள்ளே ஊறும் நீரில் பூச்சி விழுந்து கரையும். பூமியில் ஒரு பூஞ்சை வந்து இந்த இனத்தையே அழித்துவிட்டது. மிச்சம் இருப்பது இந்தக் குகையில்தான். அந்தக் குடுவை நீரைத்தான் நிறுவனம் கேட்கிறது. உயிர் காக்கும் மருந்துக்கு இல்லை, முகச் சுருக்கம் போக்கும் பசைக்கு. வெளியே சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும்.

ஆனால் செடிகள் அழகு. அதில் சந்தேகமே இல்லை.

ஜனவரி 21, காலை 8.00
வெப்பம் 24. ஈரப்பதம் 80. செடிகள் நலம்.

இங்கே இருப்பது இரண்டு பேர். நானும், மின்சாரம் பார்க்கும் குணாளனும். அவர் மலேசியா, ஈப்போக்காரர். மேலே பள்ளத்தின் விளிம்பில், சூரியத் தகடுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் இருக்கிறார். தகட்டில் படியும் தூசியை அவர் தினமும் துடைத்தால்தான் கீழே எனக்கு விளக்கு எரியும். ஞாயிற்றுக்கிழமை ஏணி இறங்கிச் சாப்பிட வருவார். மற்ற நாளெல்லாம் ரேடியோ.

இன்று பூமியிலிருந்து மேலாளர் கார்வண்ணன் பேசினார். முப்பது வயதுகூட இருக்காது, குரலில் எப்போதும் வெண்ணெய்.

"மேடம், வணக்கம். கப்பல் இந்த முறை கொஞ்சம் லேட் ஆகும். ஒரு நடை வர்ற செலவு எகிறிடுச்சு. இருக்கிற சாப்பாட்டைப் பாதியா வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததுதான். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். இணைப்பு சரியில்லை என்றார். அதுவரை கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் கேட்டது.

பிப்ரவரி 2, காலை 9.30
இரண்டாம் வரிசையில் மாவுப்பூச்சி. இலைக் கணுக்களில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறது. இங்கே எப்படி வந்தது என்று தெரியவில்லை. பாதித்த செடிகளைத் தனியாக ஒதுக்கி, கணுக்களைத் துணியால் துடைத்தேன். நிறுவனத்துக்குப் படம் அனுப்பினேன்.

பிப்ரவரி 6, மாலை 4.00
அடேயப்பா. ஆளில்லாத சிறு கலம் ஒன்று வந்து இறங்கிவிட்டது. உள்ளே வேப்பெண்ணெய், மென்மையான தூரிகைகள், மண்ணுக்குப் பதில் தொட்டியில் நிரப்பும் புதுப் பாசி மூட்டை. செடிக்கு நோய் என்றதும் நான்கே நாளில் நிலவுக்கு மருந்து வருகிறது. நமக்கு ஒரு பிடி பருப்பு இல்லை. கலத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

கலத்தில் ஏன் சாப்பாடு வைக்கவில்லை என்று கேட்டதற்குக் கார்வண்ணன்:

"அது சுத்திகரிச்ச கலம் மேடம். உணவுப் பொருள் வச்சா பூஞ்சை வந்துரும். செடிங்களுக்கு ரிஸ்க் இல்லையா?"

குணாளனுக்கு ரேடியோவில் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"டாக்டர், அடுத்த ஜென்மத்துல நாம செடியா பொறந்துருவோம் லா. இன்னிக்கு என் கஞ்சியில மூஞ்சி தெரியுது. ஷேவ் பண்ணிக்கலாம் போல."

பிப்ரவரி 11, காலை 7.40
மாவுப்பூச்சி போய்விட்டது. குடுவைகள் கொட்டித் தீர்க்கின்றன. இவ்வளவு மகசூல் நான் பார்த்ததில்லை.

காரணம் எனக்குத் தெரியும். இந்தச் செடிக்கு வேரில் சத்து போகக்கூடாது. வெறும் பாசியில், உப்பில்லாத் தண்ணீரில், அரைப்பட்டினியில் வைக்கவேண்டும். பசித்தால்தான் குடுவை விடும். மாவுப்பூச்சி வந்ததிலிருந்து குடுவைக்குள் போடும் புழுத்தூளையும் நிறுத்தியிருந்தேன். அதுதான் இந்த அறுவடை.

நாம் உழைத்துக் காட்டினால் கப்பலை அனுப்புவார்கள் என்று நினைத்துத்தான் இராப்பகலாக மாரடித்தேன். வந்த பதில் இது:

"பிரமாதம் மேடம்! பாதிச் சாப்பாட்டுலயே உற்பத்தி ஏறியிருக்கு. போர்டுல எல்லாரும் அசந்துட்டாங்க. உங்க கையேட்டுலயே எழுதியிருக்கீங்களே, கொஞ்சம் பட்டினி இருந்தாத்தான் நல்லா வரும்னு. ஹஹ்ஹா, சும்மா சொன்னேன் மேடம். கப்பலைப் பத்தி அடுத்த கூட்டத்துல பேசுறோம்."

வாயில் நல்ல வார்த்தை வருகிறது. எழுத மாட்டேன்.

பிப்ரவரி 14, பகல் 1.00
ஞாயிறு. குணாளன் வந்தார். ஒதுக்கி வைத்திருந்த கடைசிப் பிடி பச்சரிசியை எடுத்து வந்திருந்தார். உதிர்த்துப்போட இருந்த பழைய குடுவைகள் இரண்டைக் கழுவித் தரச் சொல்லி, அரிசியை அவற்றில் அடைத்து ஆவியில் வேகவைத்தார். அவர் ஊர்ப்பக்கம் இதைக் குரங்குப் பானை என்பார்களாம், முன்பு இதில் சோறு வைத்து விற்பார்களாம். ஒரு குடுவை நீரின் விலைக்கு பூமியில் ஒரு கல்யாணமே நடத்தலாம். நாங்கள் அதில் சோறு ஆக்கினோம். நன்றாக இருந்தது. சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

போகும்போது ஏணியில் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். நிலவில் ஆறில் ஒரு பங்கு எடைதான். அதற்கே மூச்சு வாங்கினார்.

பிப்ரவரி 24, காலை 10.15
குணாளனுக்குக் கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறதாம். நான் செடி டாக்டர். பூமியிலிருக்கும் நிறுவன மருத்துவரை ரேடியோவில் கேட்டேன்.

"சத்துக் குறைவும்மா. இதயத்தைப் பாதிக்கிற வகை. அசட்டையா விடாதீங்க. பருப்பு, முட்டை, கீரை நிறையக் குடுங்க."

கீரைத் தட்டுகள் முன்பு இங்கே இருந்தன. குடுவைச் செடிக்கு இடம் பற்றவில்லை என்று நிறுவனம்தான் எடுக்கச் சொன்னது. விதையையும் திருப்பி வாங்கிக்கொண்டது. கீரைக்கு ஊற்றும் சத்துக் கரைசல் மட்டும் நான்கு கேன் மிச்சம். அதை மனிதர் குடிக்க முடியாது.

சத்து மாத்திரையாவது சிறு கலத்தில் அனுப்பச் சொன்னேன். சுத்திகரிப்பு விதி என்றார்கள். அவரைக் கீழே வந்து படுக்கச் சொன்னேன்.

"நா கீழ வந்தா தகட்டை யார் தொடைப்பா? லைட்டு போயிரும் லா. ஹீட்டரும் போயிரும். ரெண்டு பேரும் வெறச்சுப் போவோம். டாக்டர், ஒன்னு சொல்றேன் கோவிச்சுக்காதீங்க. செடிக்கு நோய் வர வைங்க. என்னா நோய்னு அவனுங்களுக்குப் புரியக் கூடாது. புரியலன்னா ஆளுங்க நேர்ல வந்துதான் பாக்கணும். ஆளு வரணும்னா கப்பல்தான். வேற வழி இல்ல."

அவர் சொன்னது சரி. நான் கோவித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 26, காலை 6.50
இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று முடிவெடுத்தேன்.

வழி இரண்டு. ஒன்று, தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் கழிக்கும் உப்புத் தண்ணீரை ஊற்றுவது. வேர் வெந்து, இலை ஓரம் கருகி, செடி சாகும். இன்னொன்று, கீரைக்கான சத்துக் கரைசலை ஊற்றுவது. செடி சாகாது, குடுவை விடுவதை நிறுத்தும். உற்பத்தி நின்றால் அலறிக்கொண்டு வருவார்கள். கப்பல் வந்தபின் பாசியை மாற்றினால் செடிகள் தேறிவிடும்.

நிறுவனத்தின் கேமரா மேலிருந்து இலைகளை மட்டும்தான் காட்டும்; சத்துக் கரைசலை ஊற்றினேன். உலகத்தில் மிச்சமிருக்கும் கடைசிச் செடிகள். கொல்ல மனம் வரவில்லை.

மார்ச் 8, காலை 7.30
புது இலைகள் வருகின்றன. நுனியில் குடுவை இல்லை, வெறும் கொடி. வேலை செய்கிறது. குணாளனிடம் சொன்னேன். "சபாஷ் டாக்டர்" என்றார். குரல் ஈனமாக இருந்தது. இப்போது அவரால் ஏணி இறங்க முடிவதில்லை. என் பங்கில் கொஞ்சம் எடுத்து மேலே கொண்டுபோனால், சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்கிறார்.

மார்ச் 19, காலை 9.00
கார்வண்ணன் கூப்பிட்டார். நான் பதில்களையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். பத்து நாளுக்கு மேலாகக் குடுவை இல்லை, காரணம் புரியவில்லை, நிபுணர்கள் உடனே வரவேண்டும் என்று. பேச வாய் திறப்பதற்குள்:

"மேடம், கேமராவுல பாத்தோம்! என்ன பச்சை, என்ன பளபளப்பு! ஒவ்வொரு இலையும் வாழையிலை மாதிரி இருக்கே! இலை இவ்ளோ பெருசுன்னா அடுத்த மாசம் குடுவையும் பெருசா வரும்னு போர்டுல சொல்லிட்டேன். செடிங்க இவ்ளோ ஆரோக்கியமா இருக்கறதால கப்பலுக்கு அவசரமே இல்லைன்னு முடிவாயிடுச்சு. மே மாசம் பாத்துக்கலாம் மேடம்."

குடுவை வராது என்று கத்தினேன். இது நோய் என்று கத்தினேன்.

"நீங்க எப்பவுமே கவலைப்படுறவங்க மேடம். அதான் உங்களை அனுப்பினோம்."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு அழகாக நான் எந்தச் செடியையும் வளர்த்ததில்லை. ஒரு தொட்டியை எடுத்துச் சுவரில் அடித்தேன். இங்கே எதுவும் வேகமாகக்கூட விழாது. பாசியும் வேருமாக மெல்ல மெல்ல இறங்கியது. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, காலை 11.20
மூன்று வரிசைக்கும் கழிவு உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். முழுக்க. 

பதினைந்து நாள் பிடிக்காது. பத்து நாளில் இலை ஓரம் கருகும். குணாளனிடம் பத்து நாள் என்று சொன்னேன்.

"பத்து நாள்தானே லா. இருந்துருவோம்."

மார்ச் 25
இலைகள் இன்னும் பச்சை. தின்ற சத்தெல்லாம் உள்ளே இருக்கிறது, சுலபத்தில் வாடாது. நான்தான் ஊட்டி வளர்த்தேன். காலை மேலே போய்த் தகடுகளை நானே துடைத்தேன். அவர் படுத்தபடி ஜன்னல் வழியே பார்த்து ரேடியோவில் வழி சொன்னார். ஒரு தகட்டைத் தப்பாகத் துடைத்ததற்குத் திட்டினார். சந்தோஷமாக இருந்தது.

வரும்போது, அந்த முதல் நாளே ஏன் உப்புத் தண்ணீர் ஊற்றவில்லை என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 28, காலை
ரேடியோவில் பதில் இல்லை. மேலே போகிறேன்.

மார்ச் 28
குணாளன் இறந்துவிட்டார். உட்கார்ந்தபடியே. கையில் தகடு துடைக்கும் துணி. போர்வையால் மூடினேன். முகத்தை மூட இரண்டு தடவை முயன்றேன்.

நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டேன். ஒரு மனிதர் செத்துப்போனார். இதற்காவது வருவார்கள்.

மார்ச் 29, காலை 8.05
கார்வண்ணன் பேசியதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு. நல்ல மனுஷன். ஈப்போல அவர் வீட்டுக்குச் சொல்லிட்டோம், நிறுவனம் சார்பா மாலை அனுப்பியிருக்கோம். மேடம், நாங்க இங்க கணக்குப் பாத்தோம். ஒருத்தருக்குன்னா இருக்கற சாப்பாடு ஜூன் வரைக்கும் தாராளமா வரும். அதனால நீங்க பயப்பட வேண்டாம். கப்பல் மே மாசத்துக்குப் பதிலா ஜூன்ல வந்தாலே போதும். உடம்பைப் பாத்துக்குங்க."

தாராளமா.

மார்ச் 29, பகல் 2.40
மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை குரலில் வெண்ணெய் இல்லை, பதறியது.

"மேடம்! மூணாவது வரிசைல இலை ஓரமெல்லாம் கருகுது! ரெண்டாவது வரிசைலயும்! எப்போலேருந்து? என்ன நோய் இது, யாருக்கும் புரியலையே! தொடாதீங்க, எதையும் தொடாதீங்க. நிபுணருங்க அஞ்சு பேரோட கப்பல் இன்னிக்கே கிளம்புது. நாலு நாள்ல அங்க இருக்கும். நாலே நாள் தாக்குப் பிடிங்க மேடம், ப்ளீஸ்."

சரி என்றேன்.

மார்ச் 29
வெப்பம் பார்க்கவில்லை. ஈரப்பதம் பார்க்கவில்லை.

கப்பல் வருகிறது. நாம் நினைத்தபடியே வருகிறது, குணாளன். நீங்கள் போனதற்கு ஒரு நாள் பிந்திக் கிளம்புகிறது.

அலமாரியைத் திறந்தேன். ஜூன் வரைக்கும் ஒருவருக்கு இருக்கிறது. நாலு நாளைக்கு ஜூன் வரைக்குமான சாப்பாடு. அவர் பெயர் எழுதிய பொட்டலங்களைப் பிரித்தேன். பருப்பு இல்லை, சோறும் உப்பும்தான். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கினேன். நின்றுகொண்டே சாப்பிட்டேன். கையை நிறுத்த முடியவில்லை. அழவும் இல்லை.

வயிறு நிறைந்தது. ருசியாக இருந்தது.