புது வண்டியும் உன் பேரமும்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

நேற்று முதலாளியம்மா புது வண்டிக்கு ஆர்டர் கொடுக்க என்னையும் ஷோரூமுக்குள் கூட்டிப்போனார். ஏழு பேர் உட்காரும் பெரிய சொகுசு வண்டி. தள்ளுபடி கேட்டதற்கு விற்பனையாளர், "இந்த வண்டிக்கெல்லாம் பேரமே கிடையாது மேடம்" என்று சிரித்தார். அம்மா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. புடவைக் கடையில் நீ செய்வாயே, அதையே செய்தேன்.

"வாங்கம்மா, இன்னொரு எடத்துலயும் பாத்துட்டு வந்துடலாம்" என்று வாசலைப் பார்த்து நடந்தேன். வேலையே போய்விடுமோ என்று பயம்தான். ஆனால் அம்மாவும் எழுந்து வந்துவிட்டார். கதவைத் தொடுவதற்குள் மேலாளரே ஓடி வந்தார். பேசிப் பேசி நூற்றுக்கு ஐந்து குறைத்தார்கள்.

திரும்பும்போது அம்மா கேட்டார்: "யாருப்பா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"வீட்டுக்காரிம்மா."

"அவளைப் பாத்து எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

அவர் கைப்பையிலிருந்து ஆர்டர் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, "புது வண்டி வர மூணு மாசம் ஆகுமாம். பழசை நானே ஓட்டிக்கறேன். நீ ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வா" என்றார்.

என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிடுவாரோ என்று சாலையையே பார்த்து ஓட்டினேன்.

டிக்கெட் போட்டதும் தேதி சொல்கிறேன். பாப்பாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும், கால் அளவைத் தாளில் வரைந்து அனுப்பு. பக்கத்திலேயே உன் காலையும் வைத்து வரை. அம்மா கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்