மூன்று ராஜாக்களுக்குப் பின்னால்

பாஸ்டோ, டிசம்பர் 18

என்னவருக்கு,

நாங்கள் மூவரும் நலம். இந்த வருடம் முதன்முறையாக நம் வீட்டிலேயே கிறிஸ்துமஸ் குடில் வைத்திருக்கிறோம். செருப்புப் பெட்டிதான் தொழுவம், கண்ணாடித் துண்டுதான் குளம். அதில் நிற்கும் வாத்து தொழுவத்தைவிடப் பெரிது. சின்னவன் எல்கின் செய்தது, அதனால் யாரும் வாய் திறக்கக் கூடாது. வீடெல்லாம் பசை வாடை. எனக்குப் பிடித்திருக்கிறது.

குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களை ஒட்டகங்களோடு ஜன்னலோரம் நிறுத்தி, தினமும் காலையில் நான்கு விரற்கடை நகர்த்துகிறோம். ஜனவரி ஆறாம் தேதி தொழுவத்துக்கு வந்துவிடுவார்கள். பெரியவள் யமிலே களிமண்ணில் உங்களையும் செய்து ஒட்டகங்களுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறாள். பாட்டில் மூடிதான் உங்கள் சுரங்கத் தொப்பி. பொம்மை போய்ச் சேரும் அன்று நீங்களும் வீட்டுக்கு வந்துவிடுவீர்களாம்.

நேற்று எல்கின் உங்களைத் தூக்கி நேரே தொழுவத்துக்குள் வைத்துவிட்டான். அக்காக்காரி விடுவாளா?

"டேய், அப்பா சிலியில இருந்து வரணும்டா. அதுக்குள்ள எப்படி வந்தாரு?"

"பஸ்ல வந்தாரு."

"ராஜாவே நடந்து வர்றாரு. இவருக்கு மட்டும் பஸ்ஸா?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

போன வருடம் நீங்கள் வராததைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. பட்டை போட்டுப் பால்களி கிண்டினேன், அடிப்பிடிக்காமல் வந்தது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் குளிக்கும்போது உங்களை மட்டும் மூன்று விரற்கடை பின்னால் இழுத்து வைக்கிறேன். யமிலே இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வரும் தேதியை எழுதுங்கள், நிறுத்திவிடுகிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பவள்