தபாலில் வந்த எடிட்டர்

மேலப்புதூர், திருச்சி
10.6.1985

அன்புள்ள வள்ளிக்கண்ணுவுக்கு,

நலம். பம்பாயில் மழை பிடித்துக்கொண்டதாகப் பேப்பரில் பார்த்தேன். இங்கே வெயில் இறங்கவில்லை. நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து கம்ப்யூட்டர் ரூமில் பெண் என்று நான் ஒருத்திதான்.

நீ எழுதி வைத்துவிட்டுப் போன எடிட்டரில்தான் எல்லாரும் புரோகிராம் அடிக்கிறோம், திருத்துகிறோம். குறை சொல்வதாக நினைக்காதே. ஒரு வரியை அழித்தால் போனது போனதுதான். நேற்று நல்லுசாமி வரி எண்ணை மாற்றி அடித்து, சம்பளப் புரோகிராமில் ஓவர்டைம் பகுதி முழுவதையும் அழித்துவிட்டார். "எப்படியாவது திரும்பக் கொண்டுவாங்க ரோசரி" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பழைய பிரின்ட் அவுட்டைத் தேடியெடுத்து மறுபடி அடித்தோம். இப்போதெல்லாம் எதையும் தொடுவதற்கு முன் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிடுகிறேன். பிளாப்பிதான் நிரம்பிப்போகிறது. தேடுவதும் கீழ்நோக்கி மட்டுமே. மேலே இருப்பது வேண்டுமென்றால் முதல் வரிக்குப் போய்விட்டு வர வேண்டும்.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா? அங்கே வேலை தேட ஆரம்பித்தாயா?

உன் ரோசரி

செம்பூர், பம்பாய்
2.7.1985

அன்புள்ள ரோசரி,

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இவர், "என்ன அவசரம், பார்க்கலாம்" என்கிறார். பார்க்கக்கூட வேண்டாம் என்கிறார் மாமியார். மற்றபடி இருவரும் நல்லவர்கள்.

நீ கேட்டதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அழிக்கிற வரிகள் இனி உடனே தொலையாது. தனியாக ஓரிடத்தில் இருக்கும். 'யூ' அடித்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். கடைசியாக அழித்தது மட்டும்தான் வரும். அதற்கு மேல் மெமரியில் இடமில்லை. மிஷின் இல்லாமல் எழுதியதால் வேரியபிள் பெயர்களை ஞாபகத்திலிருந்து போட்டிருக்கிறேன். எடிட்டரின் பிரின்ட் அவுட் ஒன்று அனுப்பு. மேல்நோக்கித் தேடுவதையும் பார்க்கிறேன்.

அடித்துப் பார்த்து என்ன ஆயிற்று என்று எழுது. தப்பு வந்தால் எந்த வரியில் என்று எழுது.

உன் வள்ளி

திருச்சி
19.7.1985

அன்புள்ள வள்ளி,

வேலை செய்கிறது! ஒரே ஒரு கமா விட்டிருந்தாய். மேனேஜர் அருள்நாதன் சார் தானே ஒரு வரியை அழித்து, தானே வரவழைத்துப் பார்த்தார். "பம்பாயில இருந்துகிட்டு செஞ்சாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நல்லுசாமி இப்போது தைரியமாக அழிக்கிறார்.

பிரின்ட் அவுட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த விண்ணப்பமும் இருக்கிறது. டிபார்ட்மென்ட் எண்களை மாற்றப்போகிறார்களாம். ஒவ்வொரு வரியாகப் போய்த் திருத்தினால் கை ஒடிந்துவிடும். பழையதையும் புதியதையும் ஒரு தடவை சொன்னால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். மாற்றுமுன் நம்மைக் கேட்கவும் வேண்டும்.

உன் அம்மாவைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "லெட்டர்ல எல்லாம் நல்லாயிருக்கேன்னுதான் எழுதுறா" என்றார்கள்.

உன் ரோசரி

பம்பாய்
11.2.1986

அன்புள்ள ரோசரி,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மாற்றுகிற பகுதி பெரிதாகிவிட்டது. புது எண் பழையதைவிட நீளமாக இருந்தால் வரியின் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டன. தாளில் ஒவ்வொரு வரியாகக் கையால் ஓட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். மேல்நோக்கித் தேடுவதும் சேர்ந்திருக்கிறது.

மத்தியானம் மாமியார் படுத்ததும் எழுதுகிறேன். ஒரு நாள் சமையலில் உப்பு கூடிவிட்டது என்றார்கள். அன்றைக்குத்தான் அந்தத் தப்பைக் கண்டுபிடித்தேன்.

இன்னும் என்ன வேண்டும் என்று எழுது.

உன் வள்ளி

திருச்சி
15.9.1986

அன்புள்ள வள்ளி,

எல்லாம் நன்றாக ஓடுகிறது. பிராக்கெட்டுகளை எண்ணிப் பார்க்கிற வசதி ஒன்று இருந்தால் தேவலை. திறந்ததை மூட மறந்துவிடுகிறோம். எந்த வரியில் என்று காட்டினால் போதும். அவசரமில்லை, முடிந்தபோது செய்.

உன் ரோசரி

அம்மா மண்டபம் ரோடு, ஸ்ரீரங்கம்
6.5.1987

ரோசரிக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று வந்திருக்கிறேன். முந்தாநாள் உன்னைப் பார்க்கக் கிளம்பினேன். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் நல்லுசாமி இருந்தார். என் எடிட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அது எப்பவோ போயிடுச்சுங்களே. போன ஆகஸ்ட்ல புது மிஷின் வந்ததும் பழசை ஸ்டோர்ல போட்டாச்சு. இப்ப ஸ்க்ரீன்ல எங்க வேணாலும் போய்த் திருத்தலாம். ரோசரி சொல்லலையா?" என்றார். சத்திரத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

செப்டம்பரில் பிராக்கெட் கேட்டாய். தீபாவளி வேலைக்கு நடுவில் எழுதி அனுப்பினேன். ஆபீஸில் அத்தனை பேரும் என் எடிட்டரில்தான் அடிக்கிறார்கள் என்று மாமியாரிடம் சண்டை போட்டுச் சொன்னேன். அப்படித்தான் எனக்கு அந்த மத்தியானங்கள் கிடைத்தன. நான் சொன்னது பொய்யாகிவிட்டது.

என்மேல் இரக்கப்பட்டாயா? நான் அதைக் கேட்கவில்லை.

நாளை மறுநாள் பம்பாய் போகிறேன்.

வள்ளிக்கண்ணு

திருச்சி
14.5.1987

அன்புள்ள வள்ளி,

நல்லுசாமி சொன்னது நிஜம். புது மிஷின் வந்த அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். உன் கடிதங்களில் எடிட்டரைத் தவிர வேறு எதைப் பற்றியும் நீ இரண்டு வரிக்கு மேல் எழுதியதில்லை. அதுவும் போய்விட்டால் எனக்கு எழுதுவாயா என்று தெரியவில்லை. அதனால் பிராக்கெட் கேட்டேன்.

நீ அனுப்பியதைத் தூக்கிப் போடவில்லை. ஸ்டோர் கீப்பர் அப்துல் சுக்கூர் பாயிடம் சாவி வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் பழைய மிஷினைப் போட்டு அடித்துப் பார்த்தேன். "இதுல என்னம்மா பண்றீங்க? எடைக்குப் போடப் போறாங்க" என்றார். பிராக்கெட்டைச் சரியாகத்தான் எண்ணியது. மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் சேர்த்து எண்ணிவிடுகிறது, அது ஒன்றுதான் தப்பு.

எங்களுக்கு இப்போது எடிட்டர் வேண்டாம். உனக்கு வேலை வேண்டும். பிராக்கெட் கேட்டதற்குப் பதில் இதை எழுதியிருக்கலாம்.

ரோசரி

பம்பாய்
20.8.1987

அன்புள்ள ரோசரி,

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

இங்கே ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போய் வந்தேன். இவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். தன் அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. இன்டர்வியூவில், கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். திருச்சியில் ஒரு கம்பெனிக்கு எடிட்டர் செய்து கொடுத்தேன் என்றேன். சர்டிபிகேட் வேண்டுமாம்.

அருள்நாதன் சாரிடம் வாங்கி அனுப்புவாயா? தபாலில் செய்த வேலை என்று எழுத அவர் யோசிப்பார். அப்படியே எழுதட்டும், அதுதான் நடந்தது. 1985 ஜூலையிலிருந்து 1986 ஆகஸ்ட் வரை மட்டும் போடச் சொல்.

அதற்குப் பிறகு எழுதியது உனக்கு எழுதியது. அதற்குச் சர்டிபிகேட் வேண்டாம்.

உன் வள்ளி