ஒறம்பரை வூட்டுக்கு வராத அக்காவுக்கு

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த சரோஜா அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் நலம். கம்பைநல்லூர்ப் பக்கம் இந்த முறை மழை பரவாயில்லை. இதையெல்லாம் எழுதிக்கொண்டு, சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன்.

பத்துப் பேர் படுத்தாலும் இடம் மிஞ்சும் வீடு நம்முடையது. அது போதாதென்று அப்பா, வரும் உறவுக்காரர்களுக்கென்றே பக்கத்தில் தனியாக ஓர் ஓட்டு வீடு கட்டினார். ஊரே அதை ஒறம்பரை வூடு என்றது. யார் யாரோ அங்கே மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஓசூரிலிருந்து நீ போன் செய்தாய். "தம்பி, இங்க மாடிப்படி ஏற முடியலடா. ஒறம்பரை வூட்டுல ரெண்டு மாசம் இருந்துட்டுப் போவட்டுமா?"

"ஓடெல்லாம் ஒழுவுதுக்கா. வேலை பாக்கணும்" என்றேன்.

ஓர் ஓடும் ஒழுகவில்லை. மாமாவும் இல்லாத நீ வந்தால் திரும்பிப் போகமாட்டாய், கடைசிவரை நான்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன். என் மனைவியிடம்கூடக் கேட்கவில்லை. பொய் முழுக்க என்னுடையது.

நீ நம்பிவிட்டாய். நான்காம் நாள் மொரப்பூர் மேஸ்திரி ஒருவர் வாசலில் வந்து நின்றார். "ஓசூரு அக்கா அனுப்புனாங்க. ஓடு ஒழுவுதாமே?" ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "எங்கயும் ஒழுவலீங்களே." நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். "மேஸ்திரி சொன்னாரு. வூடு நல்லாத்தான் இருக்குதாமே. சந்தோசம்டா."

சொல்லிவிட்டும் நீ போனை வைக்கவில்லை. "வாக்கா" என்று நான் சொல்வதற்காகத்தானே காத்திருந்தாய்? "உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மூன்றாவது வாரம் நீ இல்லை.

போன வாரம் உன் திதிக்கு உன் மகள் கவிதா வந்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது, "மாமா வூட்டுல வேலை நடக்குது, தொந்தரவு வேணாம்னு அம்மா சொல்லுச்சி. இல்லன்னா கடைசியா இங்கதான் வந்திருக்கும்" என்றாள். தெரிந்த பிறகும் பெற்ற மகளிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் போயிருக்கிறாய். ஏன் அக்கா? அந்த நிலையிலும் என் மானம் உனக்குப் பெரிதாகத் தெரிந்ததா?

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இலையில் சோறு அப்படியே இருக்க, எழுந்து போய் பஸ் ஏறிவிட்டாள். அதிலிருந்து போன் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை?

நீ ஏன் ஊருக்கு வரவில்லை என்று இன்னும் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இனி யார் கேட்டாலும் வீட்டில் வேலை நடந்தது என்று சொல்லமாட்டேன். நான்தான் வரவிடவில்லை என்று சொல்வேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
முனிராஜ்