பதினெட்டாவது குழியில் மேற்கு வெயில்

கடலூர்,
மார்ச் 19, வியாழன்

அன்புள்ள செம்பியனுக்கு,

பிரபு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் உன் அப்பாவைப் பார்த்தேன். முட்டிவலி தேவலாமாம். துபாயில் உன் கம்பெனி உன்னிடம் விளக்கம் கேட்டிருப்பதையும் அவர்தான் சொன்னார். போனில் பேச எனக்கு வாய் வராது. அதனால் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

நம் கோல்ஃப் மைதானத்தின் குழி வரிசையை மாற்றியது நான்தான்டா.

உன் வரைபடத்தில் முதல் குழிக்கு மேற்கே பார்த்து அடிக்க வேண்டும். காலை வெயில் முதுகில் விழும். கடைசிக் குழிக்குக் கிழக்கே பார்த்து. சாயங்கால வெயிலும் முதுகில்தான். நீ துபாய் போனதும் முதலாளி சிங்காரம் வந்து, "வர்றவுங்க மொத அடியிலயே கடலப் பாக்கணும் சார்" என்றார். பதினெட்டுக் குழிகளில் பின் ஒன்பதை முன்னால் கொண்டுவந்தேன்; மேற்கே பார்த்த உன் ஒன்பதாவது குழி கடைசிக் குழியாகிவிட்டது. ஒரு மரம்கூட நகரவில்லை. எண் பலகைகளை மட்டும் பிடுங்கி மாற்றி நட்டேன். "எது எதுக்கப்புறம் வருதோ அதுதான்டா மைதானமே, கைய வைக்காத" என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். பலகைதானே என்று நினைத்த மடையன் நான்.

போன மாதம் சாம்பியன்ஷிப் நடந்தது. முதுநகர் ஐஸ் கம்பெனி மரிய ஜோசப்பின் மகள் நித்யா மேரி ஒரு அடி முன்னிலையில் கடைசிக் குழிக்கு வந்தாள். மணி ஐந்தே முக்கால், சூரியன் நேர் எதிரே. நெற்றியில் கை வைத்து இரண்டு முறை பார்த்தாள். தொப்பியை இறக்கிக்கொண்டு அடித்தாள். பந்து போன திசை யாருக்கும் தெரியவில்லை, குளத்தில் விழுந்த சத்தம்தான் கேட்டது. ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்றாள். இந்திய அணித் தேர்வுக்குப் போக வேண்டிய பெண்.

சாம்பியன்ஷிப் கமிட்டி சிதம்பரத்தில் விசாரணை வைத்தது. வரிசையை யார் போட்டது என்று கமிட்டிக்காரர் கேட்டார். சிங்காரம் என் முகத்தையே பார்த்தார். "வரைபடத்துல இருக்கறபடிதான் சார்" என்று சொல்லிவிட்டேன். பழி உன் மேல் விழுந்துவிட்டது. என் நாக்கு அழுகிப்போக!

நேற்று உன் பழைய வரைபடத்தோடு, உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன். நகலும் இதோடு வருகிறது. என்னைப் பற்றி யோசிக்காமல் உன் மேலதிகாரியிடம் காட்டு. என் மைதான மேனேஜர் வேலை போனால் போகட்டும். என் வீட்டுக்காரி ராணியிடம் சொன்னேன். "மொதல்ல அந்தப் புள்ளகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போனேன். மரிய ஜோசப் நாற்காலி போட்டு டீ கொடுத்தார். நித்யா வந்து நின்று, "சாரி அங்கிள், நம்ம ஊரு கிரவுண்டுலயே கோட்ட விட்டுட்டேன்" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்டா! டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் அவளிடம் உண்மையைச் சொல்ல மறுபடியும் போகிறேன். நீ என்னைத் திட்டு, வருஷக்கணக்கில் பேசாமல் இரு, ஏன் என்று கேட்க மாட்டேன். இன்று ஒரு நாள் மட்டும் எனக்காக உன் நடராஜரிடம் ஒரு வார்த்தை சொல். மாதாவிடம் கேட்க எனக்கு முகம் இல்லை.

உன் பெயரைக் கெடுத்தவன்,
ஆரோக்கிய பிரபு