காது, நெஞ்சு, இரண்டு விரல்

இஞ்சாருங்கோ,

குளிர் தொடங்கிவிட்டது. இன்று கோட்டுகளை வெளியே எடுத்தபோது உங்கள் செம்மஞ்சள் கையுறைகள் அலுமாரியின் அடியில் கிடந்தன. மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஈரப் புல்லும் நீங்கள் முழங்கைக்குப் பூசுகிற தைலமும் இன்னும் மணக்கின்றன. அலுமாரிக்கு முன்னாலேயே நிலத்தில் இருந்துவிட்டேன். எழும்பி என்ன செய்ய? சமைத்தாலும் நான் ஒருத்திதான் சாப்பிட வேண்டும்.

அந்தக் கையுறைகளை எவ்வளவு நக்கலடித்திருப்பேன். "றோட்டு வேலைக்குப் போற ஆக்கள் போடுற நிறம்" என்பேன். "தூரத்திலை நிக்கிறவைக்குக் கை தெரியவேணுமப்பா" என்பீர்கள். எவருக்குத் தெரியவேண்டும் என்று மட்டும் நீங்கள் சொன்னதில்லை.

மகன் கழகத்தில் ஃபுட்போல் விளையாடத் தொடங்கியபோது அவனைக் காரில் ஏற்றி இறக்கப் போனவர் நீங்கள். காலால் உதைக்கிற பந்து இல்லை. கையில் தூக்கிக்கொண்டு ஓடி, ஆளை ஆள் விழுத்துகிற இந்த நாட்டு விளையாட்டு. அவன் வளர்ந்து, கலியாணம் கட்டி, ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போன பிறகும் நீங்கள் அந்த மைதானத்தை விடவில்லை. சனிக்கிழமைகளில் எங்கள் வோபர்ன் பக்கத்துச் சனம் முழுக்க மரக்கறி வாங்கப் போகும். நீங்கள் மைதானக் கரையில் நின்று கையை ஆட்டப் போவீர்கள்.

நானும் தேத்தண்ணிப் போத்தலோடு வந்து குந்தியிருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை ஆட்டம் நின்றதும் பயிற்சியாளர் கடதாசியால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொல்வார். மறைக்காவிட்டால் எதிரணிக்காரர் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்களாம். அடுத்தது பந்தை எறிவதா, தூக்கிக்கொண்டு ஓடுவதா என்ற சேதியைக் கரையில் நிற்கிற இருவர் கையால் உள்ளே காட்டுவார்கள். ஒருவர் கறுப்பு ஜக்கெற் போட்ட வெள்ளைக்காரர், ஏனோதானோ என்று கையை அசைப்பார். மற்றவர் நீங்கள். காதைத் தொட்டு, நெஞ்சில் தட்டி, இரண்டு விரலை நீட்டி, ஒரு கூத்தே ஆடுவீர்கள். வீட்டில் குடித்த கோப்பையைக் கழுவாத மனிதர் அங்கே அப்படி வேர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பெருமைதான்.

"காதைத் தொட்டால் என்ன கருத்து?" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். "உமக்குச் சொன்னால் நாளைக்குக் கோயில் முழுக்கத் தெரியும்" என்றீர்கள். அதுவும் உண்மைதான். எதிரணிப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரைத்தானே நாங்கள் சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று கொண்டாட்டங்களில் சந்திக்கிறோம். பிக்கரிங் கழகத்துப் பிள்ளையின் தகப்பன் ஒருமுறை ஒரு பிறந்தநாள் ஹோலில் ரோல்ஸ் தட்டோடு வந்து பக்கத்தில் இருந்தார். "அண்ணை, உந்தக் கையாலை என்னதான் சொல்லுறியள்?" என்று மெல்லக் கிண்டினார். நீங்கள் முகம் மாறாமல், "குளிர் தம்பி, கை விறைக்காமல் ஆட்டுறன்" என்றீர்கள். வீடு வரும்வரை காரில் சிரித்துக்கொண்டே வந்தோம்.

பிறகு ஸ்ரோக் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. இடது கை மட்டும் மிஞ்சியது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நான் ஆஸ்பத்திரி அறைக்குள் வந்தவுடன் அந்தக் கையைத் தூக்கினீர்கள். காது, நெஞ்சு, இரண்டு விரல். தாதி தண்ணீர் கேட்கிறீர்கள் என்று நினைத்தாள். எனக்கோ சந்தோசத்தில் கை கால் ஓடவில்லை. என் மனிதர் தன் பாஷையில் எனக்கு ஏதோ சொல்கிறார். அதை வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன் ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறான். உடனே வரச்சொன்னேன்.

மகன் கட்டிலடியில் நின்று பார்த்தான். நீங்கள் திரும்பத் திரும்பக் காட்டினீர்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். பின்னாலேயே போனேன்.

"என்ன சொல்லுறார்?"

"அம்மா, அதுக்கு மீனிங் ஒண்டும் இல்லை."

"மீனிங் இல்லாமல் மனுசன் ஏன் கையை ஆட்டுது?"

"அப்பா டம்மி, அம்மா. சிக்னல் களவெடுக்கிறவங்கள் அப்பாவைத்தான் பாப்பாங்கள். நாங்கள் மற்ற ஆளைப் பாப்பம். அப்பா காட்டுறது எல்லாம் சும்மா."

"அது அப்பாவுக்குத் தெரியுமோ?"

"ஓம். அவர்தான் கேட்டு எடுத்தவர். தன்ரை இங்கிலிசுக்குக் கோச் சொல்லுறதைப் பிழையா விளங்கினால் ரீம் தோத்திடும் எண்டு பயம். இது பிழை விடேலாத வேலை எண்டு சொன்னவர்."

பெடியன் பொய் சொல்லவில்லை. இந்த நாட்டில் பிழை விட்டுவிடுவேனோ என்று நீங்கள் பயந்த பயம் எனக்குத் தெரியாததா? டொக்டரும் அதையேதான் சொன்னார். பழகிய அசைவாம், கை தானாகச் செய்யுமாம், அதில் ஒன்றும் தேட வேண்டாமாம். அன்றைக்கே நான் பாதி செத்துப்போனேன். அத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்து, கடைசியில் எனக்கென்று உங்களிடம் மிஞ்சியது ஊரை ஏய்க்கிற சைகை மட்டும்தானா?

ஒன்றை நான் மகனுக்கும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் நீங்கள் மறுபடி காட்டியபோது, "ஓம், ஓம், விளங்குது" என்று பொய்க்குத் தலையாட்டினேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். இல்லை என்று தலையை அசைத்தீர்கள். பிறகு காதிலிருந்து திரும்பத் தொடங்கினீர்கள், முன்னையதைவிட ஆறுதலாக, மெல்ல மெல்ல. நான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாக. சும்மா ஆட்டுகிற கை எதற்கு அப்படி மினக்கெட வேண்டும்? விடிய நான் வந்து சேருமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

மகன் இப்போது இரக்கப்பட்டு, "ஐ லவ் யூ எண்டு சொல்லியிருப்பார் அம்மா" என்கிறான். நீங்கள் அப்படிச் சொல்லுகிற ஆளா? பசி என்றிருக்கலாம். பயமாக இருக்கிறது, போகாதே என்றிருக்கலாம். நானோ அன்று பின்னேரம் ஐந்து மணி பஸ்ஸுக்கு எழும்பிப் போனேன். தேடித் தேடிப் பார்க்கிறேன், ஒரு முடிவும் இல்லை. இனி வரப்போவதும் இல்லை.

பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் என் இடது கை தானாக எழும்புகிறது. காது, நெஞ்சு, இரண்டு விரல். நீங்கள் காட்டியதில் எதுவும் தவறாமல், அதே ஆறுதலோடு காட்டுகிறேன். என்ன சொல்கிறேன் என்று எனக்குத் தெரியாது.